கூடுதல் நேரம் தந்தால் மட்டும் போதுமா?

பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, இளநிலை வணிகவியல் முதலாண்டு வகுப்புக்குப் பொருளியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அரசு உதவிபெறும் கல்லூரி. ஆங்கில வழி வகுப்பு. வகுப்பில் எழுபதுக்கு மேற்பட்ட மாணவர்கள். அவர்களுள் ஒருவர் காது கேளாதவர் என்பது எனக்குத் தெரியும். முன்வரிசையில் அமரவைத்தேன், கரும்பலகையில் சற்றுக் கூடுதலாக எழுதினேன். அத்துடன் என் கடமை முடிந்தது என்றே எண்ணியிருந்தேன்.

முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் தேவை நெகிழ்ச்சியைத் தீர்மானிக்கும் காரணிகள் குறித்துப் பத்து மதிப்பெண் வினா ஒன்று கேட்டிருந்தேன். அந்த மாணவி ஆங்கிலத்தில் எழுதியிருந்த விடையைத் தமிழில் அதே வடிவில் தருவதானால் இப்படி இருக்கும்: 'அரிசி விலை ஏறு. மக்கள் வாங்கு. குறை இல்லை. கார் விலை ஏறு, மக்கள் வாங்கு நிறுத்து. அரிசி தேவை, வேறு இல்லை. கார் வேறு உண்டு, பேருந்து.' இவ்வாறு ஏழெட்டு வரிகள். காலம் காட்டும் விகுதி இல்லை. இணைப்புச் சொல் இல்லை. முன்னிடைச்சொற்கள் இடம் மாறிக் கிடந்தன. நான் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். வழிகாட்டி நூலிலிருந்து இலக்கணத்தையும் காரணிகளையும் மனப்பாடம் செய்து, ஒரு சொல் பிசகாமல் எழுதிய வேறொரு மாணவனுக்கு ஏழு போட்டேன்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், அந்த மாணவி தம் பழைய பள்ளியின் சிறப்பாசிரியை ஒருவரை உடன் அழைத்து வந்தார். மதிப்பெண்ணைக் கூட்டிக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சிறப்பாசிரியை அப்படி எதுவும் கேட்கவில்லை. 'அதே வினாவை நான் சைகையில் கேட்கிறேன். அவள் சொல்வதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் ஐயா' என்றார். அடுத்த பத்து நிமிடங்களில் அந்தப் பெண்ணின் கைகளும் முகமும் சொன்னவை இவை: அத்தியாவசியப் பண்டத்துக்கும் ஆடம்பரப் பண்டத்துக்கும் உள்ள வேறுபாடு, மாற்றுப் பண்டங்கள் இருப்பதன் விளைவு, வருமானத்தில் அப்பண்டத்துக்காகச் செலவாகும் பங்கு. உப்புக்கும் தங்கத்துக்கும் தாமே எடுத்துக்காட்டுச் சொன்னார். இவற்றுள் முதல் இரண்டும் விடைத்தாளிலேயே இருந்தன. நான்தான் படிக்கவில்லை. என் கண் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்றை எட்டாகத் திருத்தினேன். உள்மதிப்பீடு என் கையில் இருந்ததால் அது இயன்றது. பருவத் தேர்வில் அவருடைய தாள் பெயர் தெரியாத ஒருவரிடம் போகும்; அவர் என்னைப் போலவே மூன்று போடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த நிகழ்வைச் சொல்லக் காரணம் உண்டு. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான தேர்வுச் சலுகைகள் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இரண்டு செய்திகளே முன்னிற்கின்றன: சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம். பார்வையற்றோருக்கும் கை இயங்காதோருக்கும் இவை உயிர்நாடி. காது கேளாத மாணவருக்கோ கண் நன்றாகத் தெரிகிறது. கை நன்றாக எழுதுகிறது. அவருடைய இடர் வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை நம் தேர்வு முறை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் செவித்திறன் குறையுடையோர் 50 லட்சத்துக்கு மேல். இவர்களுள் முதுமையில் செவித்திறன் இழந்தவர்களும் அடக்கம். அவர்களுக்கு மொழி ஏற்கெனவே கைவந்துவிட்டது. இக்கட்டுரை அவர்களைப் பற்றியதன்று. பிறவியிலோ, பேச்சு தொடங்குவதற்கு முன்போ கேட்கும் திறனை இழந்த குழந்தைகளைப் பற்றியே பேசுகிறேன்.

கேட்கும் குழந்தை பள்ளிக்கு வரும்போது ஆயிரக்கணக்கான சொற்களோடு வருகிறது. 'வந்தான்', 'வந்தாள்' என்னும் வேறுபாட்டை அதற்கு யாரும் கற்பிக்கவில்லை; அடுப்படியிலும் திண்ணையிலும் காதில் விழுந்தே வந்து சேர்ந்தது. எழுதப் படிக்கக் கற்பது என்பது அக்குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒலிகளுக்கு வரிவடிவம் கற்பதுதான். காது கேளாத குழந்தைக்கு அந்த முதல் மூலதனம் இல்லை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காது கேளாத குழந்தைகள் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்பது அமெரிக்கத் தரவுகள் காட்டும் உண்மை. நம் நாட்டு நிலைமையும் பெரிதும் மாறுபட வழியில்லை. ஆகவே வீட்டில் சைகை மொழியும் கிடைப்பதில்லை. பல குழந்தைகள் ஐந்து, ஆறு வயதில் சிறப்புப் பள்ளிக்கு வந்து, மற்றக் குழந்தைகளின் கைகளைப் பார்த்தே தம் முதல் மொழியைக் கற்கிறார்கள்.

அந்த முதல் மொழி, ஆங்கிலத்தின் கைவடிவமோ தமிழின் கைவடிவமோ அன்று. அமெரிக்கச் சைகை மொழி தனக்கென இலக்கணம் கொண்ட முழுமையான மொழி என்பதை வில்லியம் ஸ்டோக்கி 1960-லேயே நிறுவினார். இந்தியச் சைகை மொழியும் அவ்வாறே. அதில் வினாச்சொல் பொதுவாக வாக்கியத்தின் இறுதியில் வரும். 'இரு' என்னும் துணைவினை வேண்டுவதில்லை. காலத்தைக் குறிக்கும் சொல் முதலில் வந்துவிடும். பின்னர் வினைக்கு விகுதி தேவையில்லை. வினை கடைசியில் வருவதில் அது நம் தமிழுக்கு நெருக்கம், ஆங்கிலத்துக்குத் தொலைவு. என் மாணவியின் விடையில் நான் பிழையென்று சுழித்தவற்றுள் பெரும்பாலானவை இந்த இலக்கணத்தின் தடங்கள். தமிழ் வழியில் படித்து வந்த மாணவர், தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது விழும் பிழைகளுக்கு இணையானவை. நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் பாடம் நடத்திய எனக்கே, ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் எந்த முன்னிடைச்சொல் வரவேண்டும் என்பதில் இன்றும் ஐயம் வருவதுண்டு. அதற்காக என் பொருளியல் அறிவில் யாரும் மதிப்பெண் குறைத்ததில்லை.

எழுத்தாங்கிலம் காது கேளாதோருக்கு உலகெங்கும் கடினமாகவே இருந்து வந்துள்ளது. ஆங்கிலமே நாட்டு மொழியாக உள்ள அமெரிக்காவில், பள்ளிப் படிப்பை முடிக்கும் காது கேளாத மாணவரின் இடைநிலை வாசிப்புத் திறன் நான்காம் வகுப்பு அளவிலேயே நிற்கிறது என்பதைக் காலடெட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் காட்டி வந்துள்ளனர். அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. ஒரு மொழியை ஒருமுறைகூடக் கேட்காமல், தாளில் பார்த்து மட்டுமே கற்பது எத்தகைய வேலை என்பதை, அச்சிட்ட நூலை மட்டும் வைத்துக்கொண்டு சீன மொழி கற்க முயன்றவர் உணர்வார். இதில் வரலாற்றின் குற்றமும் உண்டு. 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் கல்வியில் சைகையை ஒதுக்கி வாய்ப்பேச்சையே முன்னிறுத்தத் தீர்மானித்தது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள், தொண்டையால் ஒலி எழுப்பு என்று குழந்தைகளை வருத்தும் முறை உலகெங்கும் பரவியது. நம் பள்ளிகளும் விலக்கல்ல. கைகளை மேசைக்கு மேல் வைக்கக் கூடாது என்று அடிவாங்கிய தலைமுறையினர் இன்றும் இருக்கிறார்கள்.

இனி, நம் சலுகைகளுக்கு வருவோம்.

தமிழகத்தில் பொதுத் தேர்வு எழுதும் செவித்திறன் குறையுடைய மாணவர், இரு மொழிப்பாடங்களுள் ஒன்றிலிருந்து விலக்குப் பெறலாம். நல்லெண்ணத்தோடு தரப்படும் சலுகை இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 17ஆம் பிரிவும் இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கைத் தேர்வு முறையில் செய்யத்தக்க மாறுதல்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. நான் அறிந்தவரை பெரும்பாலான மாணவர்கள் விடுவது ஆங்கிலத்தையே. பள்ளிக்கும் இது வசதி. தேர்வு எழுதாத பாடத்தை யார் அக்கறையோடு நடத்துவார்? விலக்குத் தேர்வுக்குத்தான், கற்பித்தலுக்கு இல்லை என்று சட்டம் சொல்லலாம். நடைமுறையில் தேர்வு போனால் வகுப்பும் போய்விடுகிறது. எட்டாம் வகுப்பிலேயே ஆங்கில ஆசிரியர், 'நீ போய் ஓவியம் வரை' என்று அனுப்பிவிட்டதாக என் மாணவி எழுதிக் காட்டியது நினைவுக்கு வருகிறது.

அவ்வாறு ஆங்கிலமே இல்லாமல் பள்ளியை முடித்த பெண், கல்லூரியில் கிடைத்த இடம் ஆங்கில வழி வகுப்பு என்பதால் அதில் சேர்கிறார். பள்ளி தந்த சலுகைக்கான விலையைக் கல்லூரியில் வட்டியோடு கட்டுகிறார். பட்டம் பெற்றபின் வேலைக்கான தேர்வுகள். வங்கி எழுத்தர் பணிக்கான பொதுத் தேர்வின் முதல்நிலையில் 100 வினாக்களுள் 30 ஆங்கிலம். மூன்று பகுதிகளிலும் தனித்தனியே தகுதி மதிப்பெண் பெற்றாக வேண்டும் என்பதே நெடுநாள் நடைமுறை. கணக்கில் 35-க்கு 35 வாங்கினாலும் ஆங்கிலப் பகுதியில் சறுக்கினால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இந்திய ஆட்சிப் பணிக்கான முதன்மைத் தேர்வை எடுத்துக்கொள்வோம். அதில் தகுதிக்காக மட்டும் எழுதவேண்டிய தாள்கள் இரண்டு: ஓர் இந்திய மொழி, ஆங்கிலம். ஒவ்வொன்றும் 300 மதிப்பெண். தேறுவதற்கு 25 விழுக்காடு. செவித்திறன் குறையுடையவர், தம் கல்வி வாரியத்தாலோ பல்கலைக்கழகத்தாலோ இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தால், இந்திய மொழித் தாளை எழுத வேண்டியதில்லை. ஆங்கிலத் தாளுக்கு அத்தகைய விலக்கு இல்லை. அதாவது, பள்ளியில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழைப் படித்தவருக்குத் தேர்வாணையம் தமிழிலிருந்து விலக்கு அளித்து, ஆங்கிலத்தை எழுதச் சொல்கிறது! இரண்டும் சலுகைகளே. இரண்டையும் வகுத்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, அவ்வளவுதான்.

கூடுதல் நேரத்துக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுநெறிகள், 'கூடுதல் நேரம்' என்ற சொல்லையே 'ஈட்டு நேரம்' என்று மாற்றின. சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றோருக்கு மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் தரவேண்டும் என்றன. எழுதுபவரை வைத்துக்கொள்ளாத மாற்றுத்திறனாளிகளுக்கும் மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் தரலாம் என்றன. கையால் மெதுவாக எழுதுபவருக்கு இது முழு ஈடு. காது கேளாத மாணவருக்கு ஓரளவே பயன். வாக்கியத்தை மீண்டும் மீண்டும் படிக்க நேரம் கிடைக்கும். ஆனால், வினாவில் உள்ள ஒரு சொல்லின் பொருளே தெரியாதவருக்கு, அச்சொல்லை மேலும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதால் என்ன கிடைத்துவிடும்? தேர்வு அறையில் என் மாணவி முதல் ஒன்றரை மணி நேரத்தில் தாளை முடித்துவிட்டு, எஞ்சிய நேரம் முழுவதும் ஜன்னலைப் பார்த்தபடி அமர்ந்திருந்ததைக் கண்டிருக்கிறேன். வெளியே விட அனுமதியில்லை. ஈட்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது வினாவை விளங்க வைப்பது. இதற்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. பிரிட்டனின் பள்ளித் தேர்வுகளில், பயிற்சி பெற்ற ஒருவர் வினாவின் பொதுவான சொற்களை எளிய சொற்களால் மாற்றிச் சொல்லலாம் என்னும் ஏற்பாடு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்து வந்துள்ளது. பாடத்துக்கே உரிய கலைச்சொற்களை மட்டும் அவர் தொடக் கூடாது. வாசிப்புத் திறனையே சோதிக்கும் தாள் தவிர மற்றவற்றில் வினாக்களைச் சைகை மொழியில் தரவும் இடமுண்டு. கலைச்சொல் வேறு, அதைச் சுமந்து வரும் வாக்கியம் வேறு என்னும் இந்தப் பாகுபாடு எளியதாகத் தோன்றலாம். முப்பது ஆண்டுகள் வினாத்தாள் தயாரித்த எனக்கு ஒருமுறையும் அது தோன்றியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 'ஒரு பண்டத்தின் விலையில் ஏற்படும் மாற்றத்திற்கேற்ப அதன் தேவையில் நிகழும் மாற்றத்தின் அளவை நிர்ணயிக்கும் காரணிகளைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் விமர்சன நோக்கில் ஆராய்க.' இது நான் கேட்ட வகை. இதையே இப்படிக் கேட்கலாம்: 'தேவை நெகிழ்ச்சி என்றால் என்ன? அதைத் தீர்மானிக்கும் காரணிகள் 4 எழுதுக. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு தருக.' பொருளியல் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. 'தேவை நெகிழ்ச்சி' என்ற கலைச்சொல் மாணவர் கற்றிருக்க வேண்டியது. அது அப்படியே இருக்கிறது. போனது என் மிடுக்கு மட்டும். 'பின்வருவனவற்றுள் எது பொருந்தாதது அன்று' என்பது போன்ற இரட்டை எதிர்மறை வினாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காது நன்றாகக் கேட்கிறவர்களையும் அவை தடுமாற வைக்கின்றன. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறும் மாணவருக்கும் எளிய வினா உதவும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், இச்சீர்திருத்தத்தின் பயன் இரட்டிப்பாகும். செலவோ, வினாத்தாள் குழுவில் ஒருவர் கூடுதலாக அரைநாள் அமர்வது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். என் ஆங்கிலத் துறை நண்பர் ஒருவர் அன்றே அதை எழுப்பினார். 'நாளைக்கு அலுவலகத்தில் கடிதம் எழுத வேண்டாமா? தேர்வில் தப்பவிட்டால் வேலையில் யார் காப்பாற்றுவார்?' என்றார். அவர் கல்நெஞ்சர் அல்லர். மாலையில் ஊதியமின்றிப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்றால், அந்த ஆங்கிலத்தைச் சோதிக்கத்தான் வேண்டும். அங்கே வாக்கியத்தை எளிமையாக்கித் தருவது சோதனையையே பொய்யாக்கிவிடும். நான் கேட்பது, எந்தத் தாள் எதை அளக்கிறது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லுங்கள் என்பதே. பொருளியல் தாள் பொருளியலை அளக்கட்டும். அங்கே விகுதிப் பிழைக்கு மதிப்பெண் குறைய வேண்டாம். ஆங்கிலத் தாள் ஆங்கிலத்தை அளக்கட்டும். ஆனால், அங்கும் ஆங்கிலத்தின் எந்தப் பகுதியை? நம் பள்ளித் தாள்களில் சொல்லை அசை பிரிக்கும் வினாக்கள் நெடுங்காலம் இருந்தன. பார்த்து மட்டுமே மொழியறிந்தவருக்கு அசை என்பது என்ன? மின்னஞ்சல் எழுதுவதும், அறிவிக்கையைப் படித்துப் புரிந்துகொள்வதும், படிவம் நிரப்புவதும் அலுவலகத்தில் தேவை. அவற்றைக் கேளுங்கள், கண்டிப்பாகவே கேளுங்கள்.

இதனால்தான் முழு விலக்கை நான் ஐயத்தோடு பார்க்கிறேன். இதை எழுதும்போது, அச்சலுகைக்காகப் பல ஆண்டுகள் போராடிப் பெற்றவர்கள் என்மீது வருத்தம் கொள்வார்கள் என்பதை அறிவேன். அந்த விலக்கு இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பையே தாண்டியிருக்க மாட்டார்கள் பலர். அதை நாளையே எடுத்துவிடக் கூடாது. ஆனால், அதுவே முற்றுப்புள்ளியாகவும் இருக்கக் கூடாது.

பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் இதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். வேலை தருபவருக்கு விண்ணப்பதாரரின் திறமை நேரடியாகத் தெரியாது; சான்றிதழ் என்பது அவர் பார்க்கும் அடையாளக் குறி. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கிய கருத்து இது. பின்னர் நோபல் பரிசும் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு எட்மண்ட் ஃபெல்ப்ஸ் இன்னொன்றைக் காட்டினார். ஒரு பிரிவினரின் சான்றிதழ் அவர்களுடைய திறமையைத் துல்லியமாகக் காட்டாது என்று வேலை தருபவர் கருதினால், அப்பிரிவில் மிகச் சிறந்தவரையும் அவர் அப்பிரிவின் சராசரியாகவே மதிப்பிடுவார். அவரிடம் தனிப்பட்ட வெறுப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. காது கேளாத பட்டதாரிக்கு நேர்வது இதுதான். ஆங்கிலம் என்ற கட்டத்தில் 'விலக்கு' என்று இருந்தால், நன்றாகப் படித்தறியக் கூடியவரும், ஒரு வரியும் படிக்க இயலாதவரும் ஒன்றாகவே தெரிகிறார்கள். சட்டத்தின் 34ஆம் பிரிவு அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு ஒதுக்கீடு தருகிறது. தனியார் நிறுவனத்தின் மனிதவள அலுவலர் மேசையில் அந்தப் பிரிவு இல்லை. சான்றிதழ் மட்டுமே இருக்கிறது.

ஆகவே, விலக்குக்கு மாற்றாக அல்ல, விலக்குக்குப் பக்கத்திலேயே, விரும்புவோர்க்கு வேறொரு ஆங்கிலத் தாள் வேண்டும்: எழுத்தாங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவருக்கான தாள். ஒலி சார்ந்த வினாக்கள் இல்லாதது. வாசித்தறிதலும் பயனுள்ள எழுத்துமே கொண்டது. வெற்றி தோல்வி என்றில்லாமல் எந்தப் படிநிலையில் இருக்கிறார் என்று காட்டுவது. தேர்வு இருந்தால்தான் வகுப்பு நடக்கும் என்பது நம் கல்வியின் கசப்பான விதி. அந்த விதி இங்கே நமக்கு உதவட்டும்.

வகுப்பு நடப்பதென்றால் சைகை மொழி வழியாக நடக்க வேண்டும். இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015-இல் தொடங்கப்பட்டது. பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியை அது உருவாக்கியுள்ளது. 2020 தேசியக் கல்விக் கொள்கை சைகை மொழியை நாடெங்கும் தரப்படுத்துவது பற்றிப் பேசுகிறது. கொள்கையின் மற்றப் பகுதிகளோடு தமிழகத்துக்கு உள்ள கருத்து வேறுபாடு ஊரறிந்தது. இந்த ஒரு பத்தியில் எவருக்கும் வேறுபாடு இருக்க முடியாது என்று நம்புகிறேன். எனினும் தரப்படுத்தல் என்ற பெயரில் பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் பல தலைமுறைகளாகக் கைவழி வந்த வட்டாரச் சைகைகளை அழித்துவிடலாகாது. 2021-இல் மத்திய அரசு சைகை மொழிக்கு மொழிப்பாடத் தகுதியை அறிவித்தது. தென்னாப்பிரிக்கா இதில் நம்மைவிட முன்னே சென்றுவிட்டது. அங்கு 2018 முதல் பள்ளி இறுதித் தேர்வில் சைகை மொழியைத் தாய்மொழித் தாளாகவே எழுதுகிறார்கள். 'எழுதுகிறார்கள்' என்பது தவறு, காணொளியில் பதிகிறார்கள். 2023-இல் அது அந்நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியும் ஆயிற்று.

காணொளியில் விடை என்றால் நம்மவர்கள் திகைப்பார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஒரே மாதத்தில் வீட்டுக்கு வீடு தேர்வு நடத்திக் காட்டிய பல்கலைக்கழகங்களுக்கு, சிலருடைய விடையைப் பதிவு செய்து, சைகை மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு எழுத்தாக்கித் திருத்துவது மலையைப் பெயர்க்கும் வேலையல்ல. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் போதாது என்பது மெய்யான தடை. ஆனால், பணியிடம் உருவாக்காத வரை அப்படிப்பைப் படிக்க யார் வருவார்? தேவை இருந்தால் அளிப்பு வரும் என்பது முதலாண்டுப் பாடம். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்னும் காது கேளாத வழக்குரைஞர், சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்திலேயே வாதாடினார். உச்ச நீதிமன்றத்தில் இயன்றது, பருவத் தேர்வுக்கூடத்தில் இயலாதா?

சட்டம் ஏற்கெனவே வழியைத் திறந்து வைத்திருக்கிறது. காது கேளாதோருக்கு அவர்களுக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் தொடர்பு முறையிலும் கல்வி தரப்பட வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நியாயமான வசதி செய்து தருதல் என்பது ஒவ்வொருவரின் தனித்தேவையையும் கருத்தில் கொண்டு அமைய வேண்டும் என்று விளக்கியது. அவ்வழக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய ஒருவரைப் பற்றியது. ஆனால், அதன் தருக்கம் காது கேளாதோருக்கும் நீளும். எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரே பட்டியலை நீட்டி, 'இதில் ஒன்றை எடுத்துக்கொள்' என்பது அத்தீர்ப்புக்குப் பொருந்தாது.

செவிநரம்புக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை வந்துவிட்டதே, இன்னும் சில ஆண்டுகளில் இச்சிக்கலே இருக்காதே என்று சிலர் கேட்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அது இலவசமாகச் செய்யப்படுவது பெருமைக்குரியது. ஆயினும் உரிய வயதுக்குள் கண்டறியப்படாதவர்கள், அறுவைக்குப் பிந்தைய பேச்சுப் பயிற்சிக்கு நகரம் வரை வந்துபோக இயலாதவர்கள், கருவி பழுதாகிப் பெட்டியில் வைத்துவிட்டவர்கள் ஆகியோர் நம் வகுப்புகளில் இருந்துகொண்டேதான் இருப்பார்கள்.

என் மாணவி பட்டம் பெற்றுவிட்டார். இரண்டு தாள்களை மறுமுறை எழுதித் தேறினார். வங்கித் தேர்வை மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் கணக்கிலும் பகுத்தறியும் திறனிலும் தேவைக்கு மேல் மதிப்பெண். ஆங்கிலப் பகுதியில் ஓரிரு மதிப்பெண்ணில் தவறியது. இப்போது ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சம்பளம் அதிகமில்லை.

சென்ற மாதம் என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். வேலைவாய்ப்பு அறிவிக்கை ஒன்றின் ஆங்கிலப் பத்தி. ஒரே வாக்கியம், ஏழு வரி நீளம், மாற்றுத்திறனாளிச் சான்றிதழை எப்போது, யாரிடம், எந்த வடிவில் தரவேண்டும் என்பது பற்றியது. நானே இரண்டு முறை படித்தேன். பிறகு அதைப் பிரித்து நான்கு சிறு ஆங்கில வாக்கியங்களாக எழுதி அனுப்பினேன். எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் ஒரே நிமிடத்தில் பதில் எழுதினார், ஆங்கிலத்திலேயே: புரிந்தது ஐயா, சான்றிதழ் இருக்கிறது, நாளை விண்ணப்பிக்கிறேன்.